ஏறுபாதையின் கடைசி 200 மீற்றர்: கொழும்புப் பக்கத்து இன்டர்சேஞ்ச் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கனடாவிலிருந்து வந்திருந்த பெரியம்மா குடும்பத்தைக் காலிக் கோட்டை பார்க்கக் கூட்டிப்போன நாளில்தான் இது தொடங்கியது. கொட்டாஞ்சேனையில் வாடகைக்குப் பிடித்த வான், உள்ளே ஒன்பது பேர், பின்னால் சாப்பாட்டுப் பெட்டிகள். கொழும்புக்கு வெளியே, ஊர் வீதியிலிருந்து ஹைவேக்கு ஏறி இறங்குகிற ஓர் இன்டர்சேஞ்சில் டிக்கெட் எடுத்து, இடப்பக்கமாகச் சுற்றும் வளைவில் ஏறி, ஹைவேயில் சேரும் இடத்துக்கு வந்தோம். வந்ததும் வான் நின்றுவிட்டது. ஹைவேயோடு ஒட்டி ஓடி, வேகமெடுத்துச் சேருவதற்காக விட்டிருக்கிற சேரும் லேன் முடிகிற முனையில், வலப்பக்க சிக்னல் அடித்துக்கொண்டிருக்க, ஓட்டுநர் அண்ணா கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டே இருந்தார். எங்களுக்குப் பின்னால் வந்த லொறியும் நின்றது, அதற்குப் பின்னால் ஒரு காரும் நின்றது. லொறிக்காரர் விட்டு விட்டு நாலைந்து தரம் ஹோர்ன் அடித்தார். அண்ணா சட்டென்று அக்சிலரேட்டரை மிதித்து உள்ளே விட்டார். அடுத்த கணம் ஒரு பஸ் எங்கள் பின்கண்ணாடியை முழுக்க அடைத்துக்கொண்டு ஹெட்லைட்டைப் போட்டுப் போட்டு அணைத்தது, பிறகு எப்படியோ வலப்பக்க லேனுக்கு விலகித் தாண்டிப் போனது. பெரியம்மாவின் கையிலிருந்த தண்ணீர்ப் போத்தல் விழுந்து வானுக்குள் உருண்டுகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை.

ஏன் அண்ணா நின்றீர்கள் என்று பிறகு கேட்டேன். "விடமாட்டானுகள் தங்கச்சி, நின்னு பார்த்துத்தான் போகணும்" என்றார். இருபது வருடமாக வான் ஓட்டுகிறவர், நிதானமானவர், அவரை நம்பித்தான் எங்கள் வீட்டில் வயதானவர்களை அனுப்புகிறோம். அவர் செய்தது அவருக்குப் பழகிய காரியம். வெள்ளவத்தையில் ஓர் ஒழுங்கையிலிருந்து காலி வீதிக்கு வரும்போது எல்லோரும் அப்படித்தான் வருகிறோம்: முனையில் நிற்போம், பார்ப்போம், கொஞ்சம் கொஞ்சமாக மூக்கை நீட்டுவோம், யாராவது ஒருவர் விடுவார். அங்கே போக்குவரத்து 30, 40 கிலோமீற்றர் வேகத்தில் போகிறது, அதனால் அது சரியாக வருகிறது. 100இல் போகிற ஹைவேயில் அதே பழக்கம் ஒன்பது பேரின் உயிரோடு விளையாடுகிறது.

நான் வீதி வடிவமைப்பு வேலையில் இருப்பவள். அன்று இரவு நித்திரை வரவில்லை. அடுத்த வாரம் கூட வேலை செய்கிற இரண்டு பேரிடம் சொல்லி, அந்த இடத்தை வடிவாகப் பார்ப்பது என்று முடிவெடுத்தோம். இன்டர்சேஞ்சின் பெயரை இங்கே எழுதவில்லை. இதே குறைகள் வேறு இடங்களிலும் இருக்கின்றன, ஒரு பெயரைப் போட்டால் மற்ற இடங்களில் எல்லாம் சரி என்று ஆகிவிடும்.

இடம் எப்படிப்பட்டது

நம் அதிவேக நெடுஞ்சாலைகளின் வயது அதிகமில்லை. கொட்டாவையிலிருந்து காலி வரையான தெற்கு ஹைவே 2011 நவம்பரில் திறந்தது. கட்டுநாயக்க ஹைவே 2013 ஒக்டோபரில் வந்தது. வெளிவட்ட ஹைவே 2014இல் கொட்டாவை கடுவெல, 2015இல் கடவத்தை வரை, 2019 நவம்பரில் கெரவலப்பிட்டிய வரை என்று துண்டு துண்டாக முடிந்து மற்ற இரண்டையும் இணைத்தது. அதாவது இங்கே வாகனம் ஓட்டுகிற பெரும்பாலானவர்கள் ஹைவே வருவதற்கு முன்பே ஓட்டப் பழகியவர்கள், அல்லது அப்படிப்பட்டவர்களிடம் பழகியவர்கள். 100இல் ஓடுகிற போக்குவரத்தோடு சேருவதை யாரும் அவர்களுக்குப் பழக்கிக் காட்டவில்லை. முச்சக்கர வண்டியும் மோட்டார் சைக்கிளும் ஹைவேக்குள் வர முடியாது என்பதால் அந்தத் தலைவலி மட்டும் இல்லை.

எங்கள் இன்டர்சேஞ்ச் 'ட்ரம்பெட்' வகை. மேலிருந்து பார்த்தால் ஊதுகுழலின் வாய் மாதிரி இருக்கும். கட்டணம் வாங்குகிற ஹைவேக்கு இது வசதி, ஏனென்றால் ஏறுகிற இறங்குகிற எல்லா வாகனத்தையும் ஒரே சாவடிக்குள் கொண்டுவந்துவிடலாம். ஆனால் அதற்கு விலை, ஒரு பக்க வாகனங்களாவது இறுக்கமான வட்ட வளைவு ஒன்றைச் சுற்றித்தான் ஹைவேயில் சேர வேண்டும். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள், அதனால் அந்த வளைவு இடப்பக்கமாகத் திரும்புகிறது, ஹைவே வலப்பக்கம் வருகிறது. ஓட்டுநர் ஸ்டியரிங்கை இடப்பக்கம் பிடித்துக்கொண்டே வலத்தோளுக்கு மேலால் பின்னே பார்க்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகச் செய்வது லேசான வேலை இல்லை, அதுவும் பின்னால் சாமான் அடுக்கி ஜன்னலை மறைத்த வானில்.

இன்னொன்று ஏற்றம். கொழும்பைச் சுற்றிய நிலம் தாழ்ந்தது, வயலும் சதுப்பும் களனி கங்கையின் வெள்ளச் சமவெளியுமாக இருக்கிறது. கட்டுநாயக்க ஹைவே முத்துராஜவெல சதுப்பு வழியாகவே போகிறது. அதனால் ஹைவேயை மண்ணடித்து உயர்த்தித்தான் கட்டினார்கள், கீழே இருக்கிற ஊர் வீதியிலிருந்து வருகிற ஏறுபாதை அந்த உயரத்துக்கு ஏற வேண்டும். சாவடியில் நின்று டிக்கெட் எடுத்த வாகனம், வளைவில் வேகத்தைக் குறைத்து, ஏற்றத்தில் மூச்சு வாங்கி, அந்தக் களைப்போடு 100இல் ஓடுகிற கூட்டத்துக்குள் நுழைய வேண்டியிருக்கிறது.

பாலத்தின் மேல் நின்று பார்த்தவை

ஹைவேக்கு மேலாகப் போகிற ஊர்ப் பாலம் ஒன்று பக்கத்தில் இருந்தது. மூன்று காலையும் இரண்டு மாலையும் அங்கே நின்றோம். கீழே இறங்க அனுமதி இல்லை, அதனால் சேரும் லேனின் நீளத்தை விட்டு விட்டு வரும் வெள்ளைக் கோடுகளை எண்ணித்தான் கணக்கிட்டோம். 200 மீற்றருக்குச் சற்றுக் குறைவு.

முதலில் கண்ணில் பட்டது புல். ஏறுபாதைக்கும் ஹைவேக்கும் நடுவில் உள்ள முக்கோண நிலத்தில் ஆளுயரத்துக்கு வளர்ந்து, இரும்புத் தடுப்பையும் மூடி, காற்றில் சாய்ந்துகொண்டிருந்தது. பஸ் ஓட்டுநர் உயரத்தில் இருப்பதால் அதற்கு மேலால் பார்த்துவிடுவார். காரில் வருகிறவருக்கு அந்தப் புல்லைத் தாண்டிய பிறகுதான் ஹைவே தெரியும், அப்போது லேனில் மீதம் இருப்பது மிகக் கொஞ்சம்.

இரண்டாவது, முனையில் ரோட்டில் இருந்த டயர்க் கோடுகள். சேரும் லேன் முடிகிற இடத்தில் கறுப்பாக, ஒன்றின் மேல் ஒன்றாக. அதற்கு நேரே ஹைவேயின் இடப்பக்க லேனிலும் அதே மாதிரிக் கோடுகள், கொஞ்சம் பின்னால் தொடங்கி வலப்பக்கம் வளைந்து. ஒரு கோடு சேர வந்து பயந்தவர் போட்ட பிரேக், மற்றது அவரைக் கண்டு பயந்தவர் போட்டது. பொலிஸ் புத்தகத்தில் ஏறாத சம்பவங்கள் எல்லாம் அந்த இடத்தில் ரப்பரால் எழுதப்பட்டிருந்தன.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் உறைத்தது. லேன் முடிகிற இடத்தில் ஒரு பலகை: தலைகீழ் முக்கோணம், வழிவிடு என்பதற்கான அடையாளம். அந்த வான் அண்ணா வேறு என்ன செய்வார்? பலகை வழிவிடச் சொன்னது, அவர் நின்று வழிவிட்டார். வேகமெடுக்க என்று கட்டிய லேனின் கடைசியில் நிறுத்தச் சொல்லுகிற மாதிரிப் பலகையை வைத்துவிட்டு, ஓட்டுநர்களுக்கு ஒழுக்கம் இல்லை என்று பேசுவது நியாயமில்லை.

நாங்கள் விபத்துகளை எண்ணவில்லை. விபத்து நடக்கும்வரை காத்திருந்து கற்றுக்கொள்வது கொடுமை, அதோடு ஒரே இடத்தில் விபத்து அரிதாக நடப்பதால் எண்ணிக்கை எதையும் சொல்லாது. ஸ்வீடனில் லுண்ட் பல்கலைக்கழகத்தில் வளர்த்தெடுத்த ஒரு முறை இருக்கிறது: மயிரிழையில் தப்பியவற்றைப் பதிவது. யார் பிரேக் போட்டார், யார் விலகினார், விலகாமல் விட்டிருந்தால் மோத எத்தனை வினாடி இருந்தது என்று குறித்துக்கொள்வது. அதன் எளிய வடிவத்தைச் செய்தோம். ஒருவர் சேருகிற வாகனத்தைப் பார்ப்பார், ஒருவர் ஹைவேயில் பிரேக் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பார், நான் எழுதினேன்.

எழுதியதைத் திரும்ப வாசித்தபோது ஒரு ஒழுங்கு தெரிந்தது. தூரப் பயண பஸ்காரர்கள் வளைவு முடிய முன்பே மிதிக்கத் தொடங்கி, முனைக்கு வரும்போது கிட்டத்தட்ட ஹைவேயின் வேகத்தில் இருந்தார்கள், பின்னால் யாரும் பிரேக் போடவில்லை. நாம் எப்போதும் குறை சொல்லுகிற பஸ்காரர்கள்தான் அந்த இடத்தில் சரியாக ஓட்டினார்கள். பாரம் ஏற்றிய பட்டா லொறி, குடும்பத்தோடு வருகிற வான், புதிதாக ஓட்டுகிறவர் என்று தெரிகிற கார், இவை முனையில் நின்றன. நின்ற ஒவ்வொன்றும் ஹைவேயில் ஒரு வரிசை பிரேக் விளக்கை எரியவைத்தது. காலை ஏழு மணிக்குப் பிறகு, அலுவலகப் போக்குவரத்து ஏறிய நேரத்தில், அது நிற்காமல் நடந்தது.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். சாவடியில் பக்கத்துப் பக்கத்து இரண்டு கூண்டும் திறந்திருக்கும்போது இரண்டு வாகனம் ஒன்றாக வெளிவந்து, ஒரே லேனுக்குள் நெருக்கிக்கொண்டு, ஒட்டியபடியே ஏறின. முன்னால் உள்ளவர் தயங்கினால் பின்னால் உள்ளவர் ஹோர்ன் அடித்தார். ஒரு கூண்டு மட்டும் திறந்திருந்த நேரங்களில் வாகனங்கள் தனித்தனியாக, இடைவெளியோடு வந்தன, சேருவதும் சுலபமாக இருந்தது. இதைப் பிறகு சொல்கிறேன்.

நின்றால் என்ன ஆகும் என்ற கணக்கு

இதைத் தாளில் போட்டுப் பார்க்காமல் யாருக்கும் விளங்கவைக்க முடியாது என்று நினைக்கிறேன். இடப்பக்க லேனில் மணிக்கு 1200 வாகனம் போவதாக வையுங்கள். சராசரியாக 3 வினாடிக்கு ஒன்று. ஆனால் வாகனங்கள் எண்ணி வைத்த மாதிரி வருவதில்லை, கூட்டமாக ஐந்து வரும், பிறகு வெறிச்சோடும். அப்படித் தாறுமாறாக வருவதாக எடுத்துக்கொண்டால் 4 வினாடிக்கு மேற்பட்ட இடைவெளி நாலில் ஒன்று கிடைக்கும். ஹைவேயின் வேகத்திலேயே வருகிற ஒருவருக்கு அது போதும், நாலு வாகனத்துக்கு ஓர் இடம் என்றால் ஓடிக்கொண்டே பிடித்துவிடலாம்.

இப்போது முனையில் நின்ற ஒருவரை எடுங்கள். நல்ல கார், வினாடிக்கு வினாடி 1.5 மீற்றர் வேகம் கூடுகிறது என்றால், 0இலிருந்து 100க்கு வர 18 வினாடிக்கு மேல் எடுக்கும். அந்த நேரத்தில் அவர் 257 மீற்றர் ஓடியிருப்பார், பின்னால் 100இல் வருகிறவர் அதைப்போல் இரண்டு மடங்கு, 515 மீற்றர் வந்திருப்பார். பின்னால் வருகிறவர் பிரேக்கில் கால் வைக்காமல் இருக்க வேண்டுமென்றால், பாதுகாப்புக்கு 2 வினாடி சேர்த்து, 11 வினாடி இடைவெளி வேண்டும். அது 40 இடைவெளியில் ஒன்றுதான் கிடைக்கும். அதாவது சராசரியாக 2 நிமிடம் காத்திருக்க வேண்டும், பின்னால் லொறிக்காரர் ஹோர்ன் அடித்துக்கொண்டிருக்க. யார் காத்திருப்பார்கள்? நாலைந்து வினாடி இடைவெளியில் பாய்ந்துவிடுவார்கள், மீதியை ஹைவேயில் வருகிறவரின் பிரேக் பார்த்துக்கொள்ள வேண்டும். 100இல் வருகிறவர் கண்டு, உணர்ந்து, நிற்க ஏறத்தாழ 185 மீற்றர் வேண்டும் என்றுதான் வடிவமைப்புக் கணக்குகள் எடுக்கின்றன. நல்ல வெயிலில், நல்ல டயரில் இதைவிடக் குறையும். மழை, தேய்ந்த டயர், போனைப் பார்க்கிற கண் என்று வந்தால் கூடும்.

ஆகவே என் கருத்து இதுதான்: சேரும் இடத்தில் ஆபத்தை உண்டாக்குவது இரண்டு வாகனங்களுக்கிடையிலான வேக வித்தியாசம், அந்த வித்தியாசத்தைக் குறைக்காத எந்தத் திருத்தத்துக்கும் காசு செலவழிக்கக் கூடாது.

லேனை நீட்டினால் தீருமா

இதைக் காட்டியவுடன் எல்லோரும் சொன்னது லேனை நீட்டுங்கள் என்பது. நானும் முதலில் அதைத்தான் நினைத்தேன். கணக்கைப் பாருங்கள். வளைவிலிருந்து 40இல் வெளிவருகிற கார், அதே 1.5இல் 100க்கு வர 216 மீற்றர் வேண்டும். இருப்பதைவிடக் கொஞ்சம்தான் அதிகம், சரி. பாரம் ஏற்றிய லொறிக்கு வினாடிக்கு வினாடி கூடுகிற வேகம் 0.4தான் வரும், அது 40இலிருந்து 80க்கு வரவே 460 மீற்றருக்கு மேல் வேண்டும். இது சமதரையில். 3 சதவீத ஏற்றம் என்றால் புவியீர்ப்பு மட்டுமே 0.3ஐப் பிடுங்கிக்கொள்ளும், லொறிக்கு மிஞ்சுவது 0.1. அப்புறம் ஒரு கிலோமீற்றருக்கு லேன் போட்டாலும் போதாது.

ஆனால் வளைவிலிருந்து 60இல் வெளிவந்தால்? காருக்கு 165 மீற்றர் போதும், இருக்கிற லேனுக்குள்ளேயே முடிந்துவிடும். லொறிக்கு 270 ஆகக் குறைகிறது. வளைவின் கடைசிக் கால்பகுதியைக் கொஞ்சம் விரித்துக் கொடுப்பது, ஏற்றத்தை லேன் தொடங்க முன்பே முடித்துவிடுவது, இந்த இரண்டும் நூற்றுக்கணக்கான மீற்றர் தாருக்குச் சமம். 40இல் சுற்ற ஏறத்தாழ 45, 50 மீற்றர் ஆரம் போதும், 60இல் சுற்ற 120க்கு மேல் வேண்டும். கட்டி முடித்த இன்டர்சேஞ்சில் அதற்கு நிலம் இல்லை, ஆட்களின் வீடும் வயலும் அடுத்தாற்போல் இருக்கின்றன. தாளில் இருக்கிற இன்டர்சேஞ்சில் அது கோட்டைக் கொஞ்சம் தள்ளி வரைவதுதான். அதனால்தான் இதையெல்லாம் கொன்கிரீட் போட முன்பு கதைக்க வேண்டும் என்று கத்துகிறேன்.

லேனை நீட்டுவதில் இங்கே இன்னொரு சிக்கல், மண். சதுப்பு நிலத்தில் புதிதாக மண்ணடித்து அகலப்படுத்தினால் அது இறங்கும். மேலே பாரம் வைத்து, மாதக்கணக்கில் இறங்கவிட்டு, பிறகுதான் தார் போடலாம், அவசரப்பட்டால் பழைய கரையும் புதிய கரையும் சேரும் இடத்தில் நீளமாக வெடிப்பு வரும். ஆகவே நாங்கள் எடுத்த வழி, ஏற்கனவே இருக்கிற ஓர அவசரப் பகுதியை 120 மீற்றருக்குச் சேரும் லேனாக மாற்றிக் கோடு போடுவது, அது முடிந்தவுடன் பழுதான வாகனம் ஒதுங்க ஒரு தனி இடம் விடுவது. ஓரப் பகுதியின் தார் மெல்லியதாக இருந்தால் அந்த 120 மீற்றருக்கு மட்டும் தோண்டித் தடிப்பாகப் போட வேண்டும். பழுதான வாகனம் ஒன்று அந்த 120 மீற்றருக்குள் நின்றுவிட்டால் என்ன என்று எங்களுக்குள்ளேயே பெரிய விவாதம் நடந்தது. அது உண்மையான ஆபத்து. ஆனால் அது எப்போதாவது நடப்பது, முனையில் வாகனம் நிற்பது ஒவ்வொரு காலையும் நடப்பது. நான் இரண்டாவதைத் தீர்க்கிற பக்கம் நின்றேன்.

சிக்னல் போடுவது பற்றி

ஏறுபாதையில் சிக்னல் விளக்கு வைத்து, ஒரு பச்சைக்கு ஒரு வாகனம் என்று விடுகிற முறை அமெரிக்காவில் 1963இல் சிக்காகோவில் தொடங்கியது. இது உண்மையில் வேலை செய்கிறதா என்று மினசோட்டாவில் 2000ஆம் ஆண்டு சோதித்தார்கள். மினியாபொலிஸ், சென்ட் போல் நகரங்களில் இருந்த ஏறத்தாழ 430 சிக்னல்களையும் சில கிழமைக்கு அணைத்துப் போட்டார்கள், காத்திருந்து களைத்த மக்களின் கோபத்தால். ஹைவேயில் போகிற வாகனங்கள் 9 சதவீதம் குறைந்தன, பயண நேரம் 22 சதவீதம் கூடியது, விபத்துகள் 26 சதவீதம் கூடின. பிறகு காத்திருக்கும் நேரத்தைக் குறைத்துத் திரும்பப் போட்டார்கள். கூட்டமாக ஏறுவதைப் பிரித்து ஒவ்வொன்றாக விட்டாலே எவ்வளவு வித்தியாசம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

அதற்காக இங்கே உடனே சிக்னல் வைக்கச் சொல்ல மாட்டேன். சிக்னலில் நின்ற வாகனம் மறுபடி 0இலிருந்து வேகமெடுக்க வேண்டும், எங்கள் ஏற்றத்தில் அது இன்னும் மோசம். ஆனால் நம்மிடம் ஏற்கனவே அந்த வேலையைச் செய்கிற ஒன்று இருக்கிறது, டிக்கெட் கூண்டு. ஒவ்வொரு வாகனமும் அங்கே சில வினாடி நிற்கிறது, இடைவெளியோடு வெளிவருகிறது. அதுவும் வளைவுக்கு வெகு முன்னால், வேகமெடுக்க இடம் இருக்கிற இடத்தில். இரண்டு கூண்டும் ஒன்றாகத் திறக்கும்போது மாறி மாறி வெளிவிட ஒரு சின்ன விளக்குப் போதும். மின்னணுக் கட்டணத்துக்கு மாறும்போதும் இதை நினைவில் வைக்க வேண்டும். நிற்காமல் போகிற வாகனங்கள் கூட்டமாக ஏறத் தொடங்கும், வரிசை சாவடியிலிருந்து மறைந்து சேரும் முனையில் முளைக்கும்.

நாங்கள் எழுதிக் கொடுத்தது

சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு ஆறு பக்க அறிக்கை ஒன்று கொடுத்தோம். முதல் வேலையாகப் புல், வெட்டினால் மட்டும் போதாது, உயராத புல்லை நட வேண்டும், மழைக்காலத்தில் மூன்று கிழமையில் திரும்ப வளர்ந்துவிடும். முக்கோணப் பலகையை எடுத்துவிட்டு, வளைவு முடிய முன்பே, மூன்று மொழியிலும், வேகமெடுத்துச் சேரச் சொல்லுகிற பலகை. ஹைவேயில் வருகிறவர்களுக்கு 500 மீற்றர் முன்னால் வாகனம் சேருகிறது என்ற அறிவிப்பு, அந்த இடத்தில் வலப்பக்க லேனிலிருந்து இடப்பக்கம் மாறாதபடி நடுவில் தொடர் கோடு. பிறகு அந்த 120 மீற்றர். காலை நெரிசல் நேரத்தில் இடப்பக்க லேனின் வேகத்தை 80 ஆக்குவதையும் எழுதினோம். மழை பெய்தால் 60இல் ஓட்டுங்கள் என்று அறிவிப்பதற்கு ஏற்கனவே பழகியிருக்கிறோம், நெரிசலுக்கும் அதே மாதிரிச் செய்வதில் தடை இல்லை. ஹைவேயின் வேகம் 20 குறைந்தால் சேருகிறவர் எடுக்க வேண்டிய வேகமும் 20 குறைகிறது. 40இலிருந்து 80 வரை போக அந்தக் காருக்கு 125 மீற்றரே போதும்.

கேட்ட அதிகாரி பொறுமையாகக் கேட்டார். புல் வெட்டுவது தன் கையில் இருக்கிறது, மற்றது மேலே போக வேண்டும் என்றார். புல்லை அந்த மாதமே வெட்டினார்கள்.

எனக்குப் பெரிய கவலை கடவத்தை. மத்திய ஹைவேயில் மீரிகமையிலிருந்து குருநாகல் வரையான பகுதி 2022 ஜனவரியில் திறந்தது, கடவத்தையிலிருந்து மீரிகமை வரையான பகுதியின் வேலை நின்றுபோய் 2025இல் மறுபடி தொடங்கியது. அது திறக்கிற நாளில் குருநாகல் பக்கத்திலிருந்து வருகிற வாகனங்கள் வெளிவட்ட ஹைவேயோடு கடவத்தையில் சேரும். அங்கே இரண்டு பக்கமும் ஹைவே வேகத்தில் வருவதால் வேக வித்தியாசம் குறைவு, ஆனால் லேன் கணக்குச் சரியாக வர வேண்டும். இரண்டு வீதி சேர்ந்த பிறகு இருக்கிற லேன்கள், சேருகிற லேன்களின் கூட்டுத்தொகையைவிட ஒன்றுக்கு மேல் குறையக் கூடாது என்பது உலகம் முழுக்க ஏற்ற விதி. இரண்டும் இரண்டும் சேர்ந்தால் குறைந்தது மூன்று லேன் இருக்க வேண்டும், அந்த மூன்றாவதை எடுத்துவிடுவதானால் வெகு தூரம் தள்ளி, நேரான இடத்தில், முன்கூட்டியே சொல்லி எடுக்க வேண்டும். யாழ்ப்பாணம், வவுனியா பஸ்கள் விடியப்புறம் களைத்த ஓட்டுநரோடு அந்த வழியைப் பிடிக்கக்கூடும். அந்த நேரத்தில் அவர்களிடம் கடைசி நிமிட முடிவு எதையும் கேட்கக் கூடாது.

பெரியம்மா குடும்பம் திரும்பிப் போன பிறகு, சித்திரை விடுமுறையில் அதே அண்ணாவின் வானில் அதே இடத்தால் மறுபடி போனோம். இந்த முறை நான் முன்சீட்டில். சாவடியைத் தாண்டும்போது எங்கள் கணக்கை எல்லாம் அவருக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன், வளைவிலேயே மிதிக்கத் தொடங்குங்கள் அண்ணா, முனையில் நிற்க வேண்டாம், ஓடிக்கொண்டே பாருங்கள் என்று. புல் வெட்டிய இடத்தால் ஹைவே முழுக்கத் தெரிந்தது. "இப்ப தெரியுது தங்கச்சி, அண்டைக்கு ஒண்டுமே தெரியலயே" என்றார், மிதித்தார், வான் இரைந்துகொண்டு ஏறியது. ஒரு கொன்டெய்னருக்கும் காருக்கும் நடுவில் நல்ல இடைவெளி ஒன்று எங்களோடு சமமாக வந்துகொண்டிருந்தது. அதைப் பிடித்திருப்போம். ஆனால் எங்களுக்கு முன்னால், அந்தப் பழைய முக்கோணப் பலகைக்குப் பக்கத்தில், வாழைக்குலை ஏற்றிய ஒரு பட்டா லொறி சிக்னலைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தது, அண்ணா பிரேக்கை மிதித்தார்.